பத்துக் கடவைப் படம்: அவிழாது என்று நாங்கள் தீர்ப்பளித்த ஒரு வளையம்

கோண்டாவிலில் என் வீட்டு விறாந்தையில் சனிக்கிழமை பிற்பகல்களில் ஏழு உயர்தர மாணவர் கூடுவார்கள். பரீட்சைக்கு ஆயத்தம் செய்யும் வகுப்பு அல்ல அது. இணைந்த கணிதப் பாடத்திட்டத்துக்கு வெளியே கிடக்கும் கணிதத்தை ஆறுதலாகப் பார்ப்பதற்காக நான் ஒழுங்குசெய்த கூட்டம். பொங்கலுக்குப் பின் நாங்கள் எடுத்துக்கொண்ட பொருள் முடிச்சுக் கோட்பாடு. அதில் வந்த ஒரு படத்தைப் பற்றி ஏழு மாணவரும் நானும் சேர்ந்து தவறான தீர்ப்புக்கு வந்தோம். அந்தத் தீர்ப்பு எப்படி உருவானது, எந்தச் சான்றை அளவுக்கு மீறி நம்பினோம், எது அதைக் கவிழ்த்தது என்பதை எழுதிவைக்கிறேன். முடிச்சுக் கோட்பாட்டைக் கற்பிக்கப் போகிற வேறு ஆசிரியர்களும் இதே இடத்தில் இடறக்கூடும்.

கோலத்திலிருந்து கயிற்றுக்கு

முற்றத்தில் போட்ட பொங்கல் கோலம் இன்னும் முழுதாக அழியாதிருந்த வாரம் அது. அதனால் தொடக்கம் எளிதாக அமைந்தது. இரண்டு வரிசை, வரிசைக்கு மூன்று புள்ளி. ஆறு புள்ளிகளையும் சுற்றி வளைந்து தொடங்கிய இடத்துக்கே திரும்பும் சிக்குக் கோலம். அடுத்தடுத்த புள்ளிகளுக்கு இடையில் கோடு தன்னைத் தானே வெட்டிச் செல்கிறது. எண்ணிப் பார்த்தால் ஏழு வெட்டுகள். கையை எடுக்காமல் போட்டுவிடலாம்.

மாக்கோட்டுக்கு மேல், கீழ் இல்லை. அதே கோட்டைக் கயிறாக எண்ணி, வெட்டும் இடம் ஒவ்வொன்றிலும் எது மேலே போகிறது, எது கீழே போகிறது என்று குறித்தால் கோலம் முடிச்சு வரைபடம் ஆகிவிடும். வெட்டும் இடத்துக்குக் ‘கடவை’ என்று பெயர் வைத்தவர்கள் மாணவர்களே. புகையிரதக் கடவையைத் தாண்டாமல் அவர்களில் பலருக்கு என் வீட்டுக்கு வர வழியில்லை. மேலே போகும் இழையை முழுக் கோடாகவும், கீழே போகும் இழையைக் கடவையில் சிறிது அறுத்தும் வரைந்தோம்.

இங்கே ஒரு விளக்கம் தேவைப்பட்டது. வல்வெட்டித்துறைப் பட்டத் திருவிழாவைப் பார்த்து வளர்ந்த ஒரு மாணவன், பட்ட நூல் சிக்கினால் அதுவும் முடிச்சுத்தானே என்று கேட்டான். பட்ட நூலுக்கு இரண்டு நுனி உண்டு. நுனியை இழுத்து இழுத்து எந்தச் சிக்கையும் எடுத்துவிடலாம். கணிதம் பேசும் முடிச்சில் நுனியே இல்லை; இரு முனையும் ஒட்டிய மூடிய வளையம் அது. அறுக்காமல் அதை வெறும் வட்டமாக விரிக்க முடியுமா என்பதே கேள்வி. முடிந்தால் அது வெற்று வளையம். முடியாவிட்டால் முடிச்சு.

மூன்று நகர்வுகள்

கயிற்றை எண்ணற்ற விதங்களில் அசைக்கலாம். அத்தனை அசைவும் தாளில் மூன்றே வகை மாற்றங்களாகத் தெரியும் என்பதை 1920களின் நடுப்பகுதியில் இரு தரப்பினர் தனித்தனியே நிறுவினார்கள். அமெரிக்காவில் ஜேம்ஸ் அலெக்சாண்டரும் கார்லண்ட் பிரிக்ஸும். ஜெர்மனியில் குர்ட் ரைடமைஸ்டர். நகர்வுகளுக்கு ரைடமைஸ்டரின் பெயரே நிலைத்தது. அவர் அப்போது கோனிக்ஸ்பேர்க் நகரப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். ஏழு பாலங்கள் பற்றிய புதிரால் ஒய்லர் கணிதத்துக்குள் கொண்டுவந்த அதே நகரம். 1933இல் நாஜிகள் ரைடமைஸ்டரைப் பதவியிலிருந்து நீக்கினார்கள்.

முதலாம் நகர்வு: நேராகப் போகும் இழையை ஒருமுறை முறுக்கி ஒரு கண்ணியை உண்டாக்குவது, அல்லது இருக்கும் கண்ணியை விரித்து நேராக்குவது. கடவை ஒன்று கூடும் அல்லது குறையும். இரண்டாம் நகர்வு: பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும் இரு இழைகளில் ஒன்றை மற்றதன் மேலே தள்ளிவிடுவது, அல்லது அப்படிக் கிடப்பதைப் பிரித்தெடுப்பது. கடவை இரண்டு கூடும் அல்லது குறையும். மூன்றாம் நகர்வு: இரு இழைகள் தமக்குள் வெட்டும் ஒரு கடவையின் பக்கத்தில், அந்த இரண்டுக்கும் மேலாகவோ இரண்டுக்கும் கீழாகவோ மூன்றாவது இழை ஒன்று போகுமானால், அதைக் கடவையின் மறுபக்கத்துக்கு நகர்த்துவது. கடவைகளின் எண்ணிக்கை மாறாது. இடம் மட்டும் மாறும்.

இரண்டு வரைபடங்கள் ஒரே முடிச்சைக் காட்டுகின்றன என்றால், ஒன்றிலிருந்து மற்றதற்கு இம்மூன்றையும் கொண்டு முடிவுள்ள எண்ணிக்கையான படிகளில் போய்விடலாம். தேற்றம் சொல்வது அவ்வளவே. எத்தனை படிகள், எந்த ஒழுங்கில் என்பதை அது சொல்லவில்லை. எங்கள் தவறு இந்த இடைவெளிக்குள்தான் புகுந்தது.

மூன்று சனிக்கிழமைகள்

என்னிடம் கையால் பிரதிசெய்த முடிச்சுப் படங்களின் கோவை ஒன்று இருக்கிறது. ஒவ்வொன்றின் மூலையிலும் ‘அவிழும்’ அல்லது ‘அவிழாது’ என்று பென்சிலால் எழுதியிருப்பேன். பத்துக் கடவை கொண்ட ஒரு படத்தின் மூலை வெறுமையாக இருந்தது. எப்போது, எதிலிருந்து பிரதிசெய்தேன் என்று எனக்கு நினைவில்லை. அதையே வீட்டு வேலையாகக் கொடுத்தேன்.

முதல் வாரம் எவருக்கும் ஒரு நகர்வுகூடக் கிடைக்கவில்லை. விரிக்கக் கண்ணி இல்லை. பிரித்தெடுக்க, ஒன்றின் மேல் ஒன்றாகச் சும்மா கிடக்கும் இழைச் சோடி இல்லை. மூன்றாம் நகர்வுக்கு வேண்டிய முக்கோணங்கள் இருந்தன. ஆனால் அவற்றில் இழைகள் மாறிமாறி ஒன்றின் மேல் ஒன்று ஏறிப் பூட்டிக் கிடந்தன. இரண்டாம் வாரம் ஒரு மாணவன் பத்துக் கடவைகளையும் இலக்கமிட்டு, ஒவ்வொன்றையும் சுற்றியுள்ள பரப்புகளை அட்டவணையாக்கி, எந்த நகர்வுக்கும் வழியில்லை என்று ஐயத்துக்கு இடமின்றிக் காட்டினான். கொப்பியில் நான்கு பக்கம் நிறைந்த நேர்த்தியான வேலை அது. இன்றும் அதில் ஒரு பிழையும் இல்லை.

பிழை, அந்த வேலையிலிருந்து நாங்கள் எடுத்த முடிவில் இருந்தது. “ரீச்சர், இதைக் குறைக்கவே முடியாது. அப்படியானால் இது முடிச்சுத்தான்” என்றான் அவன். மற்ற ஆறு பேரும் தலையசைத்தார்கள். நானும் அசைத்தேன்.

நிறங்கள்

ஆனாலும் அவிழ்க்க முடியவில்லை என்பது நிறுவல் ஆகாது என்பதைச் சொல்லிக்கொடுத்தே வந்திருந்தேன். முடிச்சு என்று நிறுவ, மூன்று நகர்வுகளில் எதைச் செய்தாலும் மாறாத ஒரு பண்பு வேண்டும். அந்தப் பண்பு வட்டத்துக்கு ஒருவிதமாகவும் நம் படத்துக்கு வேறுவிதமாகவும் இருக்க வேண்டும். முதலில் கற்க ஏற்றது கணிதவியலாளர் ரால்ப் ஃபாக்ஸின் நிறத் தீட்டல். ஒரு கீழ்க்கடவையிலிருந்து அடுத்த கீழ்க்கடவை வரை தொடரும் இழைத்துண்டு ஒவ்வொன்றுக்கும் மூன்று நிறங்களில் ஒன்றைக் கொடுக்கிறோம். ஒவ்வொரு கடவையிலும் சந்திக்கும் மூன்று துண்டுகளும் ஒரே நிறமாக இருக்க வேண்டும், அல்லது மூன்றும் வேறு வேறாக இருக்க வேண்டும். மொத்தத்தில் ஒரு நிறத்துக்கு மேல் பயன்பட்டிருக்க வேண்டும்.

இது நகர்வுகளால் குலையாது என்பதை மாணவர்கள் தாங்களே கண்டுபிடித்த பிற்பகல் எனக்கு மிகவும் பிடித்தமானது. கண்ணியின் கடவையில் மேலிழையும் கீழிழைகளில் ஒன்றும் ஒரே துண்டு. ஆகவே மூன்றாவதும் அதே நிறமாகத்தான் இருக்க முடியும், விரித்தாலும் முரண்பாடு வராது. சிவப்பு இழையை நீல இழையின் மேல் தள்ளினால், நடுவில் மாட்டிய நீலத் துண்டு மூன்றாவது நிறத்தை எடுக்கும். வெளியே வந்ததும் மறுபடி நீலம். மூன்றாம் நகர்வுக்குச் சில நிலைகளைத் தனித்தனியே பார்க்க வேண்டும், எல்லாம் சரிவரும். மூன்றே கடவை கொண்ட மிக எளிய முடிச்சான மூவிலை முடிச்சின் மூன்று துண்டுகளுக்கும் மூன்று வண்ண வெண்கட்டிகள் பொருந்துகின்றன. வட்டத்துக்கு ஒரே நிறந்தான். ஆகவே மூவிலை முடிச்சை ஆயிரம் ஆண்டு முயன்றாலும் அவிழ்க்க முடியாது. ஒரு கரும்பலகையும் மூன்று வெண்கட்டிகளும் கொண்டு இவ்வளவு உறுதியான ஒன்றைச் சொல்ல முடிகிறதே என்பதை நினைக்கும்போது இப்போதும் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

பத்துக் கடவைப் படத்துக்கு மூன்று நிறம் பொருந்தவில்லை. அதே மாணவன் சரியாகவே வாதிட்டான்: நான்கு கடவை கொண்ட எட்டு வடிவ முடிச்சுக்கும் மூன்று நிறம் பொருந்தாது, ஐந்து பொருந்தும், ஆகவே ஒன்று தோற்றால் அடுத்ததைப் பார்க்க வேண்டும். நிறம் மூன்றுக்கு மேற்பட்டால் நிறங்களை எண்களாக எடுக்கிறோம்: ஒவ்வொரு கடவையிலும் இரு கீழ்த்துண்டுகளின் கூட்டுத்தொகையும் மேல்துண்டின் இருமடங்கும் நிறங்களின் எண்ணிக்கையால் வகுக்கும்போது ஒரே மீதி தர வேண்டும். ஒவ்வொரு எண்ணாகப் பார்ப்பதற்குப் பதிலாக, பத்துக் கடவைகளுக்கும் அப்படிப் பத்துச் சமன்பாடுகள் எழுதி, அவற்றின் குணகங்களின் அட்டவணையில் ஒரு நிரையையும் ஒரு நிரலையும் நீக்கி, மிஞ்சியதன் ஒன்பதுக்கு ஒன்பது துணிகோவை எண்ணைக் கணித்தோம். அந்த எண்ணை எந்தப் பகா எண் வகுக்கிறதோ அத்தனை நிறங்கள் பொருந்தும். ஏழு பேரும் பங்கிட்டுக் கணித்தும் தேநீர் நேரம் தாண்டிவிட்டது. விடை 1. எந்தப் பகா எண்ணும் அதை வகுக்காது.

வட்டத்தின் எண்ணும் 1தான். அந்த நேரத்தில் நாங்கள் நின்று யோசித்திருக்க வேண்டும். ஆனால் நான் ஒரு மறுப்பை முன்வைத்தேன். மூன்று புரிகளை முறுக்கிய கயிற்றை, ஒவ்வொரு புரியும் மற்றதன் இடத்துக்கு மாறும்படி ஐந்து முறை திருப்பி, முனைகளை ஒட்டி வளையமாக்கினால் பத்துக் கடவை கொண்ட ஒரு முடிச்சு வரும். அது உண்மையான முடிச்சு. அதன் எண்ணும் 1. ஆகவே 1 வந்ததால் வெற்று வளையம் என்றாகாது என்றேன். சொன்னது சரி. ஆனால் சரியான அந்த வாக்கியம் தவறான தீர்ப்புக்குக் காவல் நின்றது. மூன்றாம் சனிக்கிழமை முடிவில் படத்தின் மூலையில் ‘அவிழாது’ என்று எழுதினேன்.

நீல நைலோன் கயிறு

கொக்குவிலிலிருந்து வரும் ஒரு மாணவி அதிகம் பேசமாட்டாள். கணக்கிடும்போது அவளுக்குக் கொடுத்த பகுதியைச் செய்து முடித்துவிட்டு, குருநகரில் மீன்பிடிப் பொருள்கள் விற்கும் கடையொன்றில் நான் வாங்கிவைத்திருந்த நீல நைலோன் கயிற்றோடு தரையில் உட்கார்ந்துவிடுவாள். நான்காம் சனிக்கிழமை அவள் படத்தைப் பார்த்துக் கயிற்றைத் தரையில் அடுக்கினாள். ஒவ்வொரு கடவையையும் இருமுறை சரிபார்த்தாள். பிறகு இரு முனைகளையும் மெழுகுதிரிச் சுடரில் உருக்கி ஒட்டினாள்.

நாங்கள் வேறொரு படத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். கால்மணி நேரத்தில் “ரீச்சர், இது வட்டம்” என்றாள். தரையில் நீல வட்டம் கிடந்தது.

முதலில் எவரும் நம்பவில்லை. அடுக்கும்போது ஒரு கடவை மாறியிருக்கும் என்றார்கள். அந்த ஐயம் நியாயமானது. ஒரு கடவையில் மேல் கீழ் மாறினாலே முடிச்சு வேறாகிவிடக்கூடும். ஆகவே அவளை மறுபடி அடுக்கச் சொல்லி, ஒவ்வோர் அசைவையும் கரும்பலகையில் வரைந்தோம். அவளுடைய முதல் அசைவிலேயே எல்லாம் வெளிப்பட்டது. ஓரத்தில் கிடந்த ஒரு நீண்ட இழையைத் தூக்கி, பக்கத்தில் கிடந்த வேறொரு இழைக்கு மேலாகப் போட்டாள். தாளில் அது இரண்டாம் நகர்வு, கூட்டும் திசையில். பத்துக் கடவை பன்னிரண்டாயிற்று. அந்தப் பன்னிரண்டு கடவைப் படத்தில், முன்பு இல்லாத மூன்றாம் நகர்வு ஒன்றுக்கு வழி திறந்தது. அதன் பின் பூட்டு ஒவ்வொன்றாகக் கழன்றது. இருபதுக்கும் குறைவான நகர்வுகளில் வட்டம்.

“குறைக்க வேண்டியதைக் கூட்டலாம் என்று உனக்கு எப்படித் தோன்றியது பிள்ளை?” என்று கேட்டேன். “நான் எண்ணவில்லை ரீச்சர். அந்த இழை அங்கே இறுகிக் கிடந்தது, இடம் இருக்கிற பக்கத்துக்கு எடுத்துப் போட்டேன்” என்றாள்.

எங்கே தவறினோம்

தொடக்கப் பாடங்களுக்கு நான் தேர்ந்த எடுத்துக்காட்டுகள் எல்லாவற்றிலும் ஒவ்வொரு படியும் கடவையைக் குறைத்தது. கூடாது என்று நான் ஒருமுறையும் சொல்லவில்லை. ஆனால் கூட்டியும் காட்டவில்லை. ‘சுருக்குக’ என்று வினாத்தாளில் கண்டால் வரிக்கு வரி கோவை சிறுக்க வேண்டும் என்று பதினொரு வயதிலிருந்து பழகிய பிள்ளைகள், அந்த வழக்கத்தை முடிச்சுக்கும் கொண்டுவந்துவிட்டார்கள். இருபடிக் கோவையை வர்க்கமாக்கும்போது ஓர் உறுப்பைக் கூட்டிக் கழிக்கிறோமே என்று நான் நினைவூட்டியிருக்க வேண்டும். மாணவனின் அட்டவணை நிறுவியது, குறைக்கும் முதல் நகர்வு இல்லை என்பதை மட்டுமே. குறைக்கும் வழியே இல்லை என்று நாங்கள் அதைப் படித்தோம்.

படம் எது என்பதைப் பின்னர் தேடிக் கண்டேன். லூயி காஃப்மன், சோஃபியா லாம்ப்ரோபூலூ என்ற கணிதவியலாளர்கள் தங்கள் ஆய்வில் இதற்குக் ‘குற்றவாளி’ என்றே பெயர் கொடுத்திருக்கிறார்கள். அவிழ்க்கும் வழியில் அது 12 கடவை வரை ஏறி இறங்குவதையும் வரைந்து காட்டியிருக்கிறார்கள். இத்தகைய கடின வெற்று வளையங்களில் பழையதொன்று கோரிட்ஸ் 1934இல் கொடுத்தது.

இங்கே நமது கோலத்துக்குத் திரும்ப வேண்டும், ஏனெனில் அது இத்தகைய ஏமாற்றத்தைத் தராத வகை. கோலக் கோட்டில் மேல், கீழ், மேல், கீழ் என்று மாறிமாறிக் குறித்துக்கொண்டு போனால் வருவது மாறிசை வரைபடம். அதில் வெட்டிக் கடவை, அதாவது படத்தின் ஒரு பாதியைப் புரட்டிவிட்டாலே நீங்கிவிடும் கடவை, ஒன்றும் இல்லையானால் கடவைகளின் எண்ணிக்கையை எந்த வழியாலும் குறைக்க முடியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் டெய்ட் ஊகித்த இதனைக் காஃப்மன், முராசுகி, திஸில்த்வெய்ட் ஆகியோர் 1987இல் நிறுவினார்கள். மூன்றாண்டு முன்பு வோன் ஜோன்ஸ் கண்டுபிடித்த பல்லுறுப்பி, அதாவது நகர்வுகளால் மாறாத இன்னொரு பண்பு, அதற்கு வழி திறந்திருந்தது. ஆகவே ஆறு புள்ளிக் கோலத்தை அப்படிக் கயிறாக்கினால் அது உறுதியாக முடிச்சு, ஏழு கடவைக்குக் கீழே வராது. அதன் துணிகோவை எண்ணையும் கோலத்திலேயே எண்ணிவிடலாம். கடவைகளின் ஊடாகப் புள்ளியைப் புள்ளியோடு கோடிட்டு, வட்டம் உண்டாகாமல் ஆறையும் தொடுக்கும் வழிகள் எத்தனை? பதினைந்து. அதுவே அந்த எண். 3 வகுக்கிறது, 5 வகுக்கிறது. மூன்று நிறமும் பொருந்தும், ஐந்து நிறமும் பொருந்தும். பத்துக் கடவைப் படத்தை முதல் நாளே ஏதாவது ஓர் இடத்திலிருந்து விரலால் தொடர்ந்திருந்தால், அது இரண்டு முறை தொடர்ந்து மேலே போகும் இடங்களைக் கண்டிருப்போம். மாறிசை அல்ல என்ற எச்சரிக்கை அங்கேயே இருந்தது.

கூட்டலாம் என்று அனுமதித்தவுடன் வேறொரு சிக்கல் எழுகிறது. எவ்வளவு தூரம் கூட்டுவது, எப்போது நிறுத்துவது? வெற்று வளையம் ஒன்றை வட்டமாக்க அதிகபட்சம் எத்தனை நகர்வுகள் போதும் என்பதற்கு ஹாஸ், லகாரியாஸ் என்ற கணிதவியலாளர்கள் 2001இல் முதல் எல்லையைக் கொடுத்தார்கள். கடவை எண்ணிக்கையை பத்தாயிரம் கோடியால் பெருக்கி, 2ஐ அந்த அடுக்குக்கு உயர்த்த வேண்டும். பத்துக் கடவைக்கு வரும் எண்ணை எழுதவே 30,000 கோடி இலக்கங்கள் வேண்டும். 2015இல் மார்க் லாக்கன்பி அதனை வெகுவாகக் குறைத்தார்: கடவை எண்ணிக்கையை 236ஆல் பெருக்கி, பதினோராம் அடுக்குக்கு உயர்த்தினால் போதும். அதுவும் பத்துக் கடவைக்கு 38 இலக்க எண். எங்கள் மாணவிக்கு இருபது நகர்வுகள்கூடத் தேவைப்படவில்லை. எல்லைக்கும் நடப்புக்கும் இடையில் கிடக்கும் இந்தப் பாழில்தான் எங்களைப் போன்றவர்கள் வழிதவறுகிறோம்.

நாங்கள் மட்டும் அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சி. என். லிட்டில் தயாரித்த அட்டவணையில் இரண்டு பத்துக் கடவை முடிச்சுகள் வெவ்வேறானவையாக நின்றன. கயிற்றின் வழியே ஒரு திசையில் போகும்போது, இழைகள் வெட்டும் விதத்தைப் பொறுத்து ஒவ்வொரு கடவைக்கும் +1 அல்லது −1 என்று ஒரு குறி உண்டு. ஒன்றில் கடவைக் குறிகளின் கூட்டுத்தொகை 8, மற்றதில் 10 (கூட்டல் கழித்தல் குறியைக் கருதாமல்). மிகக் குறைந்த கடவை கொண்ட படத்தில் இந்தத் தொகை மாறாது என்று அவர் நம்பியிருந்தார். 1974இல் கென்னத் பெர்கோ என்ற நியூயோர்க் வழக்கறிஞர் ஒன்றை மற்றதாக மாற்றிக் காட்டினார். இரண்டாம், மூன்றாம் நகர்வுகள் அந்தத் தொகையைத் தொடுவதில்லை. முதலாம் நகர்வு ஒவ்வொன்றும் அதை ஒன்றால் மாற்றுகிறது. ஆகவே ஒரே முடிச்சுக்கு இரு தொகை வருவதில் முரண்பாடு எதுவும் இல்லை. முக்கால் நூற்றாண்டு எவரும் அந்த இரு படங்களையும் அப்படிப் பார்க்கவில்லை.

கோவை இப்போது

அவிழ்ந்த படத்துக்குச் சான்று அந்த நகர்வுப் பட்டியலே. எவரும் பின்தொடர்ந்து சரிபார்க்கலாம். அவிழாத படத்துக்கு அத்தகைய பட்டியல் கிடையாது, மாறாத ஒரு பண்பு மட்டுமே சான்றாகும். என் கோவையில் இருந்த இரு சொற்களும் மூன்றாவது ஒன்றுக்கு இடம் வைக்கவில்லை. இப்போது ஒவ்வொரு படத்தின் மூலையிலும் மூன்றில் ஒன்று எழுதப்படுகிறது: ‘அவிழ்த்தோம்’, ‘அவிழாதென நிறுவினோம்’, ‘தெரியவில்லை’. பழைய ‘அவிழாது’ அனைத்தையும் அழித்துவிட்டு ஒவ்வொன்றாக மறுபடி பார்த்தோம். பெரும்பாலானவற்றுக்கு நிறங்கள் சான்று தந்தன. சில மாறிசைப் படங்கள் 1987ஆம் ஆண்டுத் தேற்றத்தின் கீழ் வந்தன. அந்தத் தேற்றத்தின் நிறுவலை இந்த ஆண்டு முடிவதற்குள் சேர்ந்து படிப்பதாக ஒப்புக்கொண்டே அவற்றைச் சேர்த்தோம்.

முப்புரிக் கயிற்றின் ஐந்து திருப்பு முடிச்சு வந்தபோது நான் தயங்காமல் ‘நிறுவினோம்’ என்று எழுதப் போனேன். நூல்கள் எல்லாம் அதை முடிச்சு என்றே சொல்கின்றன. மாணவி என் கையைத் தடுத்தாள். “அது நூல்களுக்குத் தெரியும் ரீச்சர். எங்களுக்கு நிறம் ஒன்றும் பொருந்தவில்லையே” என்றாள். நகர்வுகளால் மாறாத வேறொரு பண்பான அலெக்சாண்டர் பல்லுறுப்பியை நாங்கள் எங்கள் கையால் கணித்து முடிக்கும் வரை அந்தப் படத்தின் மூலையில் ‘தெரியவில்லை’ என்றே இருக்கிறது.